குழாய்க்கு வந்த ஆட்சேபணை

"குழாய் இப்படிப் போனா அந்தப் பெரிய மரத்தோட வேர் அறுபடும். தள்ளிப் போடுங்க" என்றாள் மகள், கறாராக.

எரிவாயுக் கம்பெனியின் இளம் அதிகாரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரைபடத்தைச் சுருட்டினார்.

"மேலதிகாரி என்னைக் காய்ச்சி எடுக்கறார் மேடம். சரி, அடுத்த வாரம் வந்து மறுபடி அளக்கறேன்."

அப்பாவுக்குத் தலை சுற்றியது. நிலத்துக்கு அடியில் குழாய் பதிக்க அனுமதி கேட்டு மனுஷன் நடையாய் நடக்கிறார். முதலில் மாட்டுக் கொட்டகை இடிக்கிறது என்றாள் மகள். பிறகு கிணறு. இப்போது மரம். அக்கம்பக்கத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று.

"பாவம்மா அந்தப் பிள்ளை! நிலம் நம்மகிட்டயேதானே இருக்கப் போகுது? கையெழுத்துப் போட்டுடறேனே?"

"நீங்க சும்மா இருங்கப்பா. உங்களை நல்லா ஏமாத்திடுவாங்க" என்று சொல்லிவிட்டு, அதிகாரியை வழியனுப்பப் போனாள் மகள்.

மனசு கேட்காமல் அப்பாவும் பின்னாலேயே போனார். ஜீப்புக்கு அந்தப் பக்கம் கிசுகிசுப்பு கேட்டது.

"மரமும் முடிஞ்சுது. அடுத்த வாரம் நான் என்னதான் சொல்றது?" என்றாள் மகள்.

"ஓடைப் பக்கம் மண்ணு இளகியிருக்குன்னு சொல்லு. அதைச் சோதிக்கவே நான் நாலு தடவை வரணும்" என்றார் அதிகாரி.

அப்பா தொண்டையைக் கனைத்தார். இருவரும் சட்டென்று விலகி நின்றார்கள்.

"தம்பி, எனக்கும் ஒரு ஆட்சேபணை இருக்கு."

"சொ... சொல்லுங்க சார்."

"இனிமே தனியா வராதீங்க. அடுத்த வாரம் அப்பா அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."