எதிர்பார்த்தது ஒன்று, கூப்பிட்டது மூன்று

“டெஸ்ட் பச்சையா வரணும் ஸ்டெபின். சிவப்பு வந்தா உன் இன்டெர்னல் மார்க்கும் சிவப்புதான்” என்று சொல்லிவிட்டு, துறைத் தலைவர் வேதசிரோமணி ஆய்வுக் குழுவுக்கான சிரிப்பை முகத்தில் மாட்டிக்கொண்டார்.

பக்கத்தில் முனைவர் லக்ஷ்மிநாராயணன். ஆறு மாதமாக டைம்டேபிளில் பைத்தான் பாடம் எடுப்பவர்.

மாணவர்கள் அவரை நேரில் பார்ப்பது இன்று காலையிலிருந்துதான். அடையாள அட்டையின் லேமினேஷன் சூடு இன்னும் ஆறவில்லை.

“குட் மார்னிங் சார்!” ஒத்திகை பார்த்தபடியே வகுப்பு பாசத்தைக் கொட்டியது.

ஆய்வுக்கு வந்த திரிபுரசுந்தரி மேடம், ஸ்டெபினின் கணினி முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வகுப்புக்கு மட்டம் போட்டால் வீட்டுக்கு மெசேஜ் அனுப்பும் புரோகிராம். டெஸ்ட் பண்ணும்போதெல்லாம் மெசேஜை அனுப்பும் அசல் ஃபங்ஷன் ஓடினால், பொழிச்சலூரில் இதே வகுப்பு எபியின் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்துவிடும்.

“அதனால அசல் இருக்க வேண்டிய இடத்துல ஒரு டம்மியை நிறுத்திடுவோம் மேடம். பேரு மட்டும் அசல் பேரு. வேலை ஒண்ணும் தெரியாது, சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும். எத்தனை தடவை கூப்பிட்டாங்கன்னு மட்டும் கரெக்டா கணக்கு வச்சிக்கும்” என்றான் ஸ்டெபின்.

லக்ஷ்மிநாராயணன் கைக்குட்டையை எடுத்தார்.

ஸ்டெபின் டெஸ்ட்டை ஓட்டினான்.

சிவப்பு.

வேதசிரோமணியின் சிரிப்பு ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது.

“என்னாச்சுப்பா?”

“டம்மியை ஒரு தடவைதான் கூப்பிடணும் மேடம். மூணு தடவை கூப்பிட்டிருக்காங்க.”

“மூணு இல்ல மேடம், போனது ரெண்டுதான்!” லக்ஷ்மிநாராயணன் அலறிவிட்டார். “வண்டலூர் பக்கம் ஒரு காலேஜ்லயும் கூப்பிட்டாங்க. சத்தியமா நான் போகல.”



திரிபுரசுந்தரி மெதுவாக நாற்காலியைத் திருப்பினார்.

இப்போது யாரும் திரையைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்டெபினின் தங்கை ஹெப்சி தன் கல்லூரியிலிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். “இன்ஸ்பெக்‌ஷனுக்குன்னு எங்களுக்கு ஒரு புது சார்.” இதே முகம், வேறு அட்டை.

அந்த முகம் இன்று காலை இந்தக் கல்லூரி வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கியதைப் பார்த்த கையோடு, டெஸ்ட்டில் டம்மியைக் கூப்பிடும் வரிகள் இரண்டைக் கூடுதலாகச் சேர்த்திருந்தான் ஸ்டெபின்.

அவற்றை அழித்தான். மறுபடி ஓட்டினான்.

பச்சை.