கடைசிச் சில்லு

புத்தம்புது ஓடுபாதையின் ஓரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவள் ஒரு தேங்காயை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

விமானம் வர இன்னும் பதினாறு நிமிடம்.

மூன்று வருடமாக இந்தப் பாதைக்காக வெயிலில் வெந்த எஞ்சினியர் அவள். அந்தக் கால யுத்தத்துக்குப் போட்ட பழைய பாதையைப் பெயர்த்து, பனங்காடு வரை நீட்டி, பின்னாளில் வரப்போகும் விமானங்களையும் தாங்குகிற மாதிரி கான்கிரீட் போட்டிருந்தாள். இன்றைக்கு முதல் போர் விமானம் இறங்குகிறது. நேற்றிலிருந்தே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் விடிந்ததும் புத்தி கெட்டுப்போனது.

புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறோம். புது வீட்டுக்குப் பூசணிக்காய் உடைக்கிறோம். மூன்று கிலோமீட்டர் பாதைக்கு ஒன்றுமே கிடையாதா?

வேலையாட்கள் குலவையிட, ஒரு தேங்காயை ஓங்கி அடித்தாள்.

அவள் போட்ட கான்கிரீட் அல்லவா. காய் சுக்குநூறாகிவிட்டது.

பெருமையாகத்தான் இருந்தது.

"எல்லாத்தையும் பொறுக்கியாச்சு" என்றார்கள். நம்பினாள்.

விமானம் வருவதற்கு முன்னால் எல்லோரும் பாதையை அடைத்து வரிசையாக நின்று, தலையைக் குனிந்தபடி ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடக்க வேண்டும். அதிகாரியானாலும் சித்தாளானாலும் நடக்க வேண்டும். ஒரு ஆணி, ஒரு கூழாங்கல் கிடக்கக் கூடாது. இந்த விமானத்தின் எஞ்சினுக்கு வாய் தரையை ஒட்டி இருக்கிறது. கிடப்பதை எல்லாம் உறிஞ்சிவிடும். உறிஞ்சினால் எஞ்சின் போச்சு. உள்ளே இருந்து ஓட்டுகிற பிள்ளையும் போச்சு.

அந்த நடையில்தான், உடைத்த இடத்திலிருந்து எண்பதடி தள்ளி ஒரு சில்லு அகப்பட்டது.

அவள் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

ஒரு தேங்காய் எத்தனை சில்லாக உடையும்? அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

ஒட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

குப்பைப் பையைக் கவிழ்த்தாள். அளவுக்குறி ஒட்டுகிற மஞ்சள் டேப்பை எடுத்தாள். சில்லுக்குச் சில்லு பொருத்தினாள். சுற்றி இருபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்கள்.

ஒரு ஓட்டை மிச்சம். தேங்காயின் கண்ணுக்குப் பக்கத்தில், இரண்டு விரல் அகலம்.

உடைத்த இடத்தைச் சுற்றி மறுபடி நடந்தார்கள். மறுபடி குனிந்தார்கள். இல்லை.

வயர்லெஸ் கரகரத்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து கமாண்டர்.

"பாதை க்ளியரா?"

தூரத்தில் பந்தல். பந்தலுக்குள் டில்லியிலிருந்து வந்த பெரியவர்கள். இன்றைக்குத் தவறினால் இன்னொரு நாள் எப்போது என்று யாருக்கும் தெரியாது. மூன்று கிலோமீட்டரில் இரண்டு விரல் அகலம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கடல் பக்கம் வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது.

"க்ளியர் இல்ல சார். தேங்காய் ஒடச்சது நான்தான். ஒரு சில்லு கொறையுது. தப்பு என்னோடது."

கமாண்டர் குரல் வந்தது.

"இன்னும் ஒரு சுத்துக்குத்தான் எரிபொருள். அப்புறம் திரும்பிப் போயிரும்."

விமானம் சக்கரத்தை நீட்டியபடி தலைக்கு மேலே வந்தது. இறங்காமல் எழும்பிப் போனது. இரைச்சல் நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து குலுக்கியது. பயத்திலும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. என்ன அழகு! கண்ணில் நீர் முட்டியது.

கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிற குருவம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். காலையிலிருந்து எல்லோரோடும் வரிசையில் நடந்தவள்தான். குனிந்து தேடியவள்தான்.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"சாமி தேங்காயின்னு வீட்டுக்காரருக்கு எடுத்தேன் தாயி. சொன்னா வேலைக்கு உள்ள வர்ற பாஸைப் பிடுங்கிருவாகன்னு பயந்துட்டேன். நீங்க தப்ப உங்க மேலயே போட்டுக்கிட்டீகளே."

அவள் சில்லை வாங்கி ஓட்டையில் வைத்தாள்.

கச்சிதமாக உட்கார்ந்தது.

"க்ளியர் சார்! க்ளியர்!"

எல்லோரும் ஓரத்துப் புல்லுக்கு ஓடினார்கள். விமானம் தாழ்ந்தது. சக்கரம் தொட்டது. கொஞ்சம் புகை. அவ்வளவுதான். அவளுடைய கான்கிரீட் அசையவில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் விமானம் அவர்களைத் தாண்டி ஓடியது. யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்றே தெரியவில்லை. குலவை வானத்தைத் தொட்டது. அவள் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள்.

வயர்லெஸ் மறுபடி கரகரத்தது.

"நல்ல பாதை போட்டிருக்கீங்க. பன்னெண்டு மணிக்கு விசாரணை. தேங்காயோட வாங்க."

அவள் தேங்காயை இடுக்கிக்கொண்டு கோபுரத்தை நோக்கி நடந்தாள். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது. பாதை நிற்கும்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

திரும்பினாள்.

குருவம்மாள் வந்துகொண்டிருந்தாள், கழுத்தில் தொங்கிய பாஸைக் கழற்றிக் கையில் பிடித்தபடி.