சத்தமில்லாத மைனர்

“எனக்கு கார் பிரேக்கைப் பத்தி மட்டும் சொல்லுங்கண்ணே. மத்ததெல்லாம் பொறகு.”

டோரீன் டீச்சர் முதலில் கேட்டது இதுதானா, இல்லை ஸ்டியரிங்கைப் பற்றி ஏதாவதா என்று மைக்கலுக்கு இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நோர்வூட்டில் டயர்க் கடை வைத்திருக்கும் அவன், பழைய மொரிஸ் மைனர் கார்க்காரர்களுக்காக ‘மலைநாட்டு மைனர்கள்’ என்றொரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறான். அதில் சேர்ந்த முதல் பெண் டோரீன். மலை உச்சியில், தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை.

குழுவில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பிரேக் ஒயிலை முழுக்க மாற்றச் சொன்னான் ஒருவன். ஹேண்ட் பிரேக் கேபிளைப் பார்க்கச் சொன்னான் இன்னொருவன். எல்லாவற்றையும் செய்து டீச்சர் படம் அனுப்பினார். எஞ்சினைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொட்டகலை துஷாந்துக்குப் பொறுக்கவில்லை. இரண்டு மைனர்களுக்குச் சொந்தக்காரன்.

“டீச்சர், அந்தத் தகரத்த எனக்கே குடுத்துருங்க. ஸ்பெயார் பாட்ஸுக்காவது ஆவும்.”

“ஏன் தம்பி, என் வண்டிக்கு என்ன கொறச்சல்?”

“மொதல்ல மலைய விட்டு எறங்குமா? ஞாயித்துக்கெழம எல்லாரும் மைக்கல் அண்ணன் கடையில கூடுறோம். யாரும் கட்டி இழுக்காம, தள்ளாம வந்து சேரட்டும். எங்கிட்ட ஒரு நல்ல எஞ்சின் சும்மா கெடக்கு, உங்களுக்கே தூக்கிக் குடுத்துர்றேன். வரலேன்னா வண்டி எனக்கு.”

‘வேணாம் டீச்சர்’ என்று தனியாக எழுதத் தொடங்கினான் மைக்கல். ஆசிரியைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய வண்டி. ‘டீச்சரம்மாவுக்கு காரு கேக்குதோ’ என்று தோட்டத்து லயத்து வீடுகளெல்லாம் சிரித்தது அவனுக்குத் தெரியும். எழுதி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

“சரிங்க தம்பி. பேச்சு மாறக்கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் மைனர்கள் வரிசையாக நின்றன. தேயிலைக்கு நடுவே வளைந்திறங்கும் மலைப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான் மைக்கல்.

“வராதுண்ணே, டீ சொல்லுங்க” என்றான் துஷாந்த்.

அப்போதுதான் கடைசி வளைவில் ஒரு நீல நிறம் தெரிந்தது.

“அடேய், வருதுடா!”

வண்டி வேகத்தைக் குறைக்காமல் பாலத்துக்கு வந்தது. பாலம் தாண்டினால் ஒரு சின்ன மேடு. அதில் ஏற ஏறத் தளர்ந்தது. இன்னும் தளர்ந்தது. தான் எந்தப் பக்கம் என்பதையே மறந்து துஷாந்த் கத்தினான்.

“கியர மாத்துங்க டீச்சர்! செக்கனுக்குப் போடுங்க!”

டீச்சர் திரும்பவே இல்லை. உதடுகள் மட்டும் ஜெபம் சொல்வதுபோல் அசைந்தன. மேட்டின் உச்சியில் வண்டி நின்றேவிட்டது என்று மைக்கல் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது அது மெல்ல மூக்கைத் தாழ்த்தி, பூனைபோல் நழுவி வந்து கடை வாசலில் நின்றது.

விசில் பறந்தது. எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

“என்னா அமைதி! வந்ததே தெரியல. என்ன ஒயில் ஊத்துறீங்க டீச்சர்?”

இறங்கிய டீச்சர், துஷாந்தைப் பார்த்துச் சிரித்தார்.

“எஞ்சின் எப்ப வரும் தம்பி?”

துஷாந்த் தலையைச் சொறிந்தான். “இவ்ளோ அருமையா ஒண்ணு ஓடுறப்போ, இன்னொரு எஞ்சின் எதுக்குங்க டீச்சர் உங்களுக்கு?”

டீச்சர் போனட்டைத் தூக்கினார். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில், முன்பாரத்துக்காக வைத்த இரண்டு மூட்டை உருளைக்கிழங்குதான் இருந்தது.

கிழங்கு அன்றே மைனர்காரர்கள் எல்லார் வீட்டிலும் கறியானது. துஷாந்த் இப்போது பந்தயம் கட்டுவதில்லை. அவனுடைய எஞ்சின் ஊரைக் கூட்டும் சத்தத்தோடு டீச்சரை மேல் டிவிசனுக்கு ஏற்றிக்கொண்டு போகிறது.