கறுப்பன் சுகமா?

"கட்டுன பொண்டாட்டிக்குக் கருவாடு, நீர்நாய்க்குப் பச்சை மீனா? இந்த அநியாயத்த எங்க போய்ச் சொல்றது, நவமணி அக்கா?"

வேலியோரம் நின்று முத்தம்மா கேட்டாள். குனோங் ராபாட் மலையடியில், ஈயம் எடுத்து முடித்த குட்டையை ஒட்டி இரண்டே வீடுகள். உடும்பு கோழிக்கூட்டைச் சுற்றும், குரங்கு கொடியில் காயும் துணியை இழுக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்கிற முத்தம்மாவுக்கு நவமணியின் புருஷன் ஐயாவு அண்ணனை மட்டும் பொறுக்காது.

ஐயாவு குட்டைக் கரையில் நின்று, பால்வெட்டுக் கத்தியால் பழைய மங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் ரப்பர் பால் பிடித்த கிண்ணம் அது. அந்தச் சத்தம் கேட்டால் போதும், ஒரு நீர்நாய் தலையைத் தூக்கிக்கொண்டு நீந்தி வரும். தூண்டிலில் விழுகிற மீனெல்லாம் அதற்குத்தான்.

"பெத்த மகனத் தொரத்திட்டு, அவன் வளர்த்ததுக்கு விருந்து வைக்கிறாரு. நல்ல நாடகம்லா!"

முத்தம்மா சொன்னதில் பொய் இல்லை.

கண்ணியில் சிக்கி முன்காலில் இரண்டு விரல் போன குட்டியை, மகன் ஜெயபாலன்தான் தூக்கி வந்து வளர்த்தான். கறுப்பன் என்று பேர் வைத்தான். மங்கைத் தட்டினால் வரப் பழக்கினான். அது முத்தம்மாவின் வாத்துகளைத் தின்ற அன்று, ஐயாவு வாய்க்கு வந்தபடி கத்தினார்.

"அதக் குட்டையில விடு. இல்ல, நீயும் அதோட போ!"

ஜெயபாலன் அதைக் குட்டையில் விட்டான். அவனும் சிங்கப்பூருக்கு பஸ் ஏறிவிட்டான். அது எழுபத்தெட்டில்.

நாலு வருடமாகக் கடுதாசி அம்மாவுக்கு மட்டும்தான் வருகிறது. கடைசியில் தவறாமல் ஒரே கேள்வி: 'கறுப்பன் சுகமா?' அப்பா என்ற வார்த்தையே இருக்காது. நவமணி அதை வாசிக்கும்போது, ஐயாவு சுருட்டுப் பற்றவைக்கிற சாக்கில் அங்கேயே நிற்பார். நவமணியும் 'சுகம்' என்று எழுதிப் போடுவாள்.

இந்தத் தீபாவளிக்கு வருகிறேன், கறுப்பனைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தான். அன்றிலிருந்து ஐயாவுக்குச் சோறு இறங்கவில்லை.

வந்தான்.

"வாப்பா" என்றார் ஐயாவு.

"ம்" என்றான். பையை வைத்துவிட்டு நேரே கரைக்குப் போனான்.

ஐயாவு மங்கைத் தட்டினார். நீர்நாய் வந்தது. அவர் வழக்கம்போல எட்ட நின்று மீனை வீசப் போனார். ஜெயபாலன் அதை வாங்கி, குனிந்து தானே நீட்டினான். அது இரண்டு முன்கால்களாலும் பிடித்துக் கடித்தது. அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான்.

"எப்படி இருக்கான்?" ஐயாவு மெல்லக் கேட்டார்.

"நல்லாப் பெருத்துட்டான்லா, அப்பா. நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க."

நாலு வருடம் கழித்து ஓர் 'அப்பா'. ஐயாவு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோழி வாங்க சைக்கிளை எடுத்தார்.

சைக்கிள் மறைந்ததும் ஜெயபாலன் அடுப்படிக்கு வந்தான்.

"கறுப்பன் எப்பம்மா செத்தான்?"

நவமணியின் கையிலிருந்த கரண்டி நின்றது.

"இதுக்கு விரல் எல்லாம் முழுசா இருக்கும்மா."

"நீ போன மூணாம் மாசம். யாரோ போட்ட வலையில மாட்டிக்கிச்சு. அது இல்லன்னு தெரிஞ்சா நீ கடுதாசி போடறதையும் நிறுத்திடுவேன்னு பயந்துட்டாருய்யா. மழைன்னும் பாக்காம ஒன்றரை வருசம் மங்கு தட்டித் தட்டி இதப் பழக்கினாரு. அவரத் திட்டாதய்யா."

"எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லிறாதம்மா."

"ஒனக்கு வருத்தமா இல்லையா? கடுதாசிக்குக் கடுதாசி அதத்தானே கேட்ட?"

ஜெயபாலன் ஜன்னல் வழியாகக் கரையில் கிடந்த மங்கைப் பார்த்தான்.

"அப்பா சுகமான்னு எழுத ரோசம் விடலம்மா. அதான் கறுப்பன் பேரப் போட்டுக் கேட்டேன்."