கயிற்றுக்குள் நிற்பவன்

மார்ஸ் திடலில் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கயிறு கட்டிப் பிரித்த பட்டிக்குள் விடியலிலிருந்து நிற்கிறான் நுமிசியுஸ். போர் வேண்டுமா என்று ரோம் தன் மக்களைக் குழு குழுவாகக் கேட்கிறது; குழுவுக்கு ஒரு வாக்கு. முதலில் குதிரை வைத்திருப்பவர்கள், அடுத்து பெரிய நிலக்காரர்கள். வசதி குறையக் குறைய வரிசை பின்னால் போகிறது. நுமிசியுஸின் குழு கடைசிக்கு முந்தியது. அவனுடைய ஒரே மகன் படையில் கவண்கல் எறிபவன். போர் என்றால் முதல் கப்பலிலேயே ஏற்றிவிடுவார்கள். அதனால் ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல்லைக் காலையிலிருந்து வாயில் அடக்கி வைத்திருக்கிறான். கம்பளி மேலாடை வியர்வையில் ஊறி ஆட்டு வாடை அடிக்கிறது. எக்காளம் ஊதுகிறது. பாதிக்கு மேற்பட்ட குழுக்கள் போர் என்று சொல்லியாயிற்று. மிச்சப் பேரைக் கேட்க வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கும் செருப்புத் தைக்கிற டெக்கியுஸ் கொட்டாவி விடுகிறான். “வாய்யா, போகலாம். நம்மள என்னைக்குக் கேட்டானுங்க?” கூட்டம் கலைகிறது. நுமிசியுஸ் நகரவில்லை. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டியபடி வரும் சேவகனை நிறுத்துகிறான். “தம்பி, போர் வேண்டாம். அதுதான் என் வாக்கு.” சேவகன் நிமிரவில்லை. “கேட்டுக்கிட்டேன் பெரியவரே. கொஞ்சம் காலை எடுங்க, கயித்து மேல நிக்கிறீங்க.”