ஆள் நிலைக்கிற அச்சகம்

"தூ!"

தெருவில் காறித் துப்பிவிட்டு அச்சகத்துக்குள் வந்தார் முதலாளி ராசாங்கம். "மனுசனுங்களா இவனுவோ? வூடு தேடி வந்து கேசரியும் பஜ்ஜியும் மொக்கிட்டு, பொண்ணப் புடிச்சிருக்குன்னு பல்ல இளிச்சுட்டு, இப்ப வேணாங்கறானுவளாம். நெனச்சாலே குமட்டுது!"

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சிவரஞ்சனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரையில் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ பாதியில் நின்றது.

"மொதல்ல வேப்பந்தட்டைக்காரங்க. இப்ப குன்னம். நேர்ல பாக்கறப்ப சரிங்கறாங்கண்ணே. விசாரிச்சுட்டு நாள் குறிக்கறோம்னு போறவங்க திரும்பி வர்றதே இல்ல. என்ன கொறைன்னாவது சொல்லலாம்ல?"

"கொறை அவனுவ புத்தியிலம்மா. நீ அழுவாத."

"அந்த மாப்ளய நானும் பாத்தேன்," என்றான் அச்சு இயந்திரம் ஓட்டும் கருப்பண்ணன். "வெங்காய மூட்டைக்குச் சட்ட போட்ட மாரி இருந்தான். தப்பிச்ச பாப்பா."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பெரம்பலூர் கடைத்தெருவில் வேலைக்கு வரும் பெண்கள் ஆறு மாதம் தங்கினால் அதிசயம். பக்கத்து ஜவுளிக்கடையில் உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. அந்த முதலாளி பேசுகிற பேச்சைக் கேட்டால் காது கூசும்.

ராசாங்கம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. தலைவலி என்றுகூட ஒருநாளும் படுக்காதவள் சிவரஞ்சனி. அவளுக்குத் தனி ஃபேன், முதுகு வலிக்காத நாற்காலி, நல்ல நாள் பெரிய நாளுக்குக் கேட்காமலே லீவு, மதியம் அவர் மனைவி கொடுத்தனுப்பும் குழம்பு. அவள் அடித்தால் பிழை இருக்காது என்று ஊர் ஊராக ஆட்கள் இங்கேதான் வந்தார்கள். இரண்டு மடங்கு சம்பளம் தருவதாக வேறொரு அச்சகத்தார் கூப்பிட்டபோது, "இந்த மரியாத அங்க கெடைக்குமா?" என்று மறுத்துவிட்டாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை, கம்ப்யூட்டரைப் போடாமல் தயங்கி நின்றாள்.

"நேத்து அரியலூர்லேர்ந்து வந்திருந்தாங்கண்ணே. பேரு அறிவழகன். சிமெண்ட் ஃபேக்டரில வேல. தனியா ரெண்டு வார்த்த பேசினாரு."

"என்ன பேசினாரு மாப்ள?"

"நம்ம பத்திரிகைய நீங்களே அடிச்சிருங்க, அப்பத்தான் தப்பு வராதுன்னாரு." சொல்லும்போதே அவள் முகம் சிவந்துபோனது. அப்புறம் குரல் இறங்கியது. "அவங்க மாமா இன்னைக்கு டவுனுக்கு வராராம். இவரும் வேணாம்னு சொல்லிட்டா, இனிமே யார் முன்னாடியும் போயி நிக்க மாட்டேண்ணே. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

"ச்சீ, என்ன பேச்சு இது? காலங்காத்தால வாயக் கழுவு!" ராசாங்கத்துக்கே கண் கலங்கியது. "இன்னைக்கு சிறுவாச்சூர்க் கோயில் தொறந்திருக்கும். போயி அந்தக் காளிகிட்ட சொல்லிட்டு வா. பஸ்ஸுல நசுங்காத. டேய் கருப்பண்ணா, வண்டிய எடு. தங்கச்சியப் பத்தரமா கூட்டிட்டுப் போயிட்டு வா."

இருவரும் கிளம்பிப் போனார்கள். சற்று நேரத்தில், வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் படியேறினார்.

"முருகையனுங்க, அரியலூர். எங்கக்கா மவன் அறிவழகனுக்கு உங்ககிட்ட வேல பாக்கற பொண்ணப் பேசியிருக்கோம். பையன் ஒத்தக் கால்ல நிக்கறான். மொதலாளி நீங்க ஒரு வார்த்த சொன்னா, வெத்தல பாக்கு மாத்திரலாம்."

ராசாங்கம் எழுந்து கும்பிட்டார். உட்காரவைத்து, சோடா வரவழைத்துக் கொடுத்தார்.

"தங்கமான பொண்ணுங்க. எனக்குக் கூடப் பொறக்காத தங்கச்சி. அது இல்லாட்டி இந்த அச்சகமே இல்லைங்க."

"அது போதுங்க!" முருகையன் மலர்ந்த முகத்தோடு எழுந்தார்.

ராசாங்கம் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வலிப்பு வந்தா மட்டும் கையில சாவிக்கொத்தக் குடுத்துருங்க, செத்த நேரத்துல எந்திரிச்சிக்கும்."