ஸ்டாம்ப் பெரியம்மா

"அம்மா வெளியூர் போயிருக்கான்னு சொல்லிடலாமா?" என்று கேட்டார் அப்பா, மூன்றாவது முறையாகச் சட்டையை மாற்றிக்கொண்டே.

"எத்தனை நாளைக்குப்பா? அவங்க பத்து நாள் இங்கதான் இருக்கப் போறாங்க" என்றாள் மகள்.

"உடம்பு சரியில்ல, யாரையும் பார்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்னு..."

"அப்பா. அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

அப்பா கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. மகள்தான் அதைச் சரி செய்தாள்.

ஸ்டாம்ப் பெரியம்மா என்பவர் அம்மாவின் பேனா நண்பி. கடல் தாண்டி எங்கோ இருந்தார். இருபத்தாறு வருடங்களாகக் கடிதமும் வாழ்த்து அட்டையும் போய் வந்துகொண்டிருந்தன, ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. உறையில் விலாசம் எழுத இடம் இல்லாமல் தபால்தலையாக ஒட்டி அனுப்புவார் என்பதால், மகள் சின்னவளாக இருந்தபோது வைத்த பெயர் அது.

கடைசி வருடம் அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அவள் சொல்லச் சொல்ல அப்பா எழுதினார். அவள் போன பிறகும் எழுதினார், அவள் பெயரிலேயே. முப்பது வருடம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்து, பத்தாவது மாடியில் தொங்கிக்கொண்டே ஆட்களை அதட்டிய மனிதர். இந்த ஒரு செய்தியை எழுத மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

"முதல் கடிதத்துலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் உட்கார்ந்தேன். 'இங்கு அனைவரும் நலம்'னு கை தானா எழுதிடுச்சு. ஒட்டி அனுப்பிட்டேன். அப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு மாத்தி எழுதறது?"

"அது சரி. உங்களைப் பத்தி என்னன்னு எழுதுவீங்க?"

அப்பா தரையைப் பார்த்தார். "என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்னு."

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அம்மா செத்தாலும் அப்படி எழுதியிருக்க மாட்டாங்க" என்றவள், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பாவும் சிரித்தார்.

"அந்தம்மாவும் லேசுப்பட்டவங்க இல்ல. உன் வீட்டுக்காரர் சமைக்கக் கத்துக்கிட்டாரா, பிரஷர் மாத்திரை போடறாரா, வாக்கிங் போறாரான்னு கடிதத்துக்குக் கடிதம் ஒரே நச்சரிப்பு. செய்யாததைச் செஞ்சதா எழுத எனக்குக் கை வராது. அதனால எல்லாத்தையும் செஞ்சு தொலைச்சேன்."

"அவ்வளவு பெரிய பொய்யை எழுதறீங்க. இதுக்குக் கை வராதா?"

"அது வேற, இது வேற."

"அப்ப ஞாயித்துக்கிழமை தவறாம எனக்கு போன் பண்றது?"

"அதையும் கேட்டிருந்தாங்க, மகளோட பேசறாரான்னு."

மகள் அவர் கழற்றிப் போட்ட சட்டைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அப்பாவுக்குத் தன் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். பாவம், அவள் மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அப்பா அதைக் கவனிக்கவில்லை. அவருடைய பயம் அவருக்கு.

"சொன்னா எழுதறதை நிறுத்திடுவாங்கம்மா. செத்துப்போனவ பேர்ல ஏமாத்தினவனுக்கு யார் கடிதம் போடுவா? அந்தக் கவர் வர்ற அன்னிக்கு மட்டும்தான் உங்கம்மா பேரு இந்த வீட்டு வாசல்ல கேட்கும். போஸ்ட்மேன் கூப்பிடுவார். அதுவும் போயிடும்."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருந்தாலும் சொல்லித்தான்பா ஆகணும். வாசல் வரைக்கும் வர்றவங்ககிட்ட எதை மறைக்கிறது?"

அழைப்பு மணி அடித்தது.

ஸ்டாம்ப் பெரியம்மா நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார். வெள்ளை முடி, தோளில் கனமான துணிப்பை. படி ஏறி வந்த மூச்சிரைப்போடு நாற்காலியில் உட்கார்ந்து, மகள் கொடுத்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார்.

"பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்றார் அப்பா.

"இருந்துச்சு தம்பி."

அதற்கு மேல் அப்பாவால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ராத்திரியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"அவ இல்லைங்க. ரெண்டு வருஷமாச்சு. உங்களுக்கு எழுதினதெல்லாம் நான்தான். ஏமாத்தணும்னு செய்யல, சொல்ல முடியாம செஞ்சேன். என்னைத் திட்டிடுங்க. இனிமே எழுத வேண்டாம்னு நினைச்சாலும் நான் தப்பாவே எடுத்துக்க மாட்டேன்."

பெரியம்மா திட்டவில்லை. துணிப்பைக்குள் கைவிட்டுத் தேடி, ஓர் உறையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"நீங்களா வாயைத் திறக்கிற வரைக்கும் இதைக் காட்டக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு" என்றார்.

அப்பா பிரித்தார். ஒரே ஒரு தாள். தேதி, அம்மா போவதற்குப் பதினோரு நாள் முன்பு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே எழுதியிருக்க வேண்டும், வரிகள் மேலும் கீழுமாக ஓடின. யாரிடமும் சொல்லி எழுதவைக்காமல் அவளே நடுங்கும் கையால் எழுதியது.

'அக்கா, நான் போன பிறகும் இந்த மனுஷன் என் பெயரில் உங்களுக்கு எழுதிக்கொண்டிருப்பார், உண்மையைச் சொல்லும் தைரியம் இவருக்கு வராது. நீங்களும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, மகளோடு பேசினாரா என்று கேட்டுக்கொண்டே இருங்கள். நான் கேட்டால்தான் காதில் போட்டுக்கொள்ள மாட்டார், எனக்காகப் பதில் எழுத வேண்டும் என்றால் எல்லாவற்றையும் செய்வார்.'